பிடித்தலும் பிடிபடுதலும்: ‘பிடி’ என்னும் வினையும் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் பேச்சிலும் எழுத்திலும் மிகுதியாகப் புழங்கும் வினைகளுள் ‘பிடி’ ஒன்று. கையால் பற்றுதல் என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து விரும்புதல், விலைக்கு வாங்குதல், நோயுறுதல், ஆட்கொள்ளுதல் எனப் பல பொருள்களுக்கு அது விரிந்துள்ளது. இப்பொருள்களை வேறுபடுத்துவது பெரும்பாலும் வேற்றுமை உருபே. வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) மாடுபிடித்தலை மையமாகக் கொண்ட குறுநாவல். இவ்வினையின் தொடரமைப்பை ஸ்பானிய மொழியின் ‘கொஹேர்’, ‘குஸ்தார்’ என்னும் இரு வினைகளோடு ஒப்பிட்டு, அவ்வொப்பீட்டின் வழியே குறுநாவலை இக்கட்டுரை வாசிக்கிறது. பிடிப்பவர் யார், பிடிபடுபவர் யார் என்னும் வினாவே பனுவலின் மையச் சிக்கல் என்பதும், அதற்கு இணையாக ‘விடு’ என்னும் வினை உடைமையாளரின் அதிகாரத்தைச் சுட்டி நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பிடி, விடு, வேற்றுமை, வாடிவாசல், சி.சு. செல்லப்பா, ஏறுதழுவல், ஸ்பானிய வினைகள்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் அமைந்த வத்தலக்குண்டு, தமிழ்ப் புனைகதை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் (1872–1898), மணிக்கொடிக் காலத்துப் பி.எஸ். ராமையா (1905–1983), ‘எழுத்து’ இதழின் ஆசிரியர் சி.சு. செல்லப்பா (1912–1998) ஆகிய மூவரும் இவ்வூரோடு தொடர்புடையவர்கள். செல்லப்பா பிறந்தது சின்னமனூர் எனினும் அவரது புனைகதையின் பேச்சுமொழி வத்தலக்குண்டையும் அதனைச் சூழ்ந்த அன்றைய மதுரை மாவட்டப் பகுதியையும் சார்ந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.

‘வாடிவாசல்’ குறித்த வாசிப்புகள் பெரும்பாலும் வீரம், பழிதீர்த்தல், ஜமீன் அதிகாரம் ஆகிய கருத்துகளைச் சுற்றியே அமைகின்றன. இக்கருத்துகள் பனுவலில் உள்ளவையே. ஆயினும் அவை எம்மொழியின் வழியே, எவ்வினைகளின் வழியே உருப்பெறுகின்றன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பனுவலின் சொற்களைப் பகுத்துப் பார்த்து மதிப்பிடும் ‘அலசல் விமர்சன’ முறையைத் தமிழில் வலியுறுத்தியவர் செல்லப்பா. அவரது பனுவலை அவர் வலியுறுத்திய முறைக்கே உட்படுத்துவது பொருத்தமானது.

‘பிடி’: பொருட்பரப்பும் தொடரமைப்பும்

‘பிடி’ திராவிட மொழிகளில் பரவலாக வழங்கும் வேர்ச்சொல். கன்னடத்தின் ‘ஹிடி’, மலையாளத்தின் ‘பிடி’ ஆகியன இதன் இனச்சொற்கள். பெயராக வருங்கால் கைப்பிடி அளவையும் கருவியின் பற்றுமிடத்தையும் குறிக்கிறது. வினையாக வருங்கால் இதன் பயன்பாடுகளை மூன்று தொடரமைப்புகளில் அடக்கலாம்.

முதலாவது, மனிதர் எழுவாயாகவும் பற்றப்படுவது செயப்படுபொருளாகவும் வரும் அமைப்பு. ‘அவன் மாட்டைப் பிடித்தான்’ என்பது இதன் எளிய வடிவம். வீடு பிடித்தல், இடம் பிடித்தல், பேருந்தைப் பிடித்தல், குடை பிடித்தல், கொழுக்கட்டை பிடித்தல், கால் பிடித்துவிடுதல், கூலியில் பிடித்தல் ஆகிய அனைத்தும் இவ்வமைப்பின் விரிவுகள். மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சந்தையில் ஒரு சோடி மாடு பிடித்தான்’ என்றால் விலைக்கு வாங்கினான் என்பதே பொருள். ஆகவே அதே மண்ணில் ‘மாடு பிடிக்கப் போகிறான்’ என்னும் தொடர், சந்தைக்குப் போகிறவனையும் குறிக்கலாம், வாடிவாசலுக்குப் போகிறவனையும் குறிக்கலாம். முன்னவன் பணத்தால் மாட்டுக்கு உரியவனாகிறான். பின்னவன் உடலால் சில நொடிகள் மட்டுமே உரியவனாகிறான். இவ்விரு உரிமைகளுக்கும் இடையிலான தொலைவை மொழி ஒரே வினையில் மறைத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, மனிதரல்லாத விசை எழுவாயாக வரும் அமைப்பு. தீப் பிடித்தல், துருப் பிடித்தல், பேய் பிடித்தல், சனி பிடித்தல் ஆகியவை இவ்வகையின. இங்கு மனிதர் செயலின் முதல்வர் அல்லர், செயலுக்கு ஆட்படுபவர். ‘அவளைப் பேய் பிடித்தது’ என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை பெற்று நிற்பவர் மனிதரே.

மூன்றாவது, மனிதர் நான்காம் வேற்றுமை பெற்று நிற்கும் அமைப்பு. ‘அவனுக்குச் சளி பிடித்தது’, ‘அவனுக்குப் பைத்தியம் பிடித்தது’ என நோயும், ‘அவனுக்கு அவளைப் பிடிக்கும்’ என விருப்பமும் இவ்வமைப்பில் அடங்குகின்றன. ‘அவளைப் பேய் பிடித்தது’, ‘அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது’ என்னும் இரு வடிவங்களும் ஒருங்கே வழங்குவதால், இரண்டாம் அமைப்பும் மூன்றாம் அமைப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை எனக் கொள்ள இடமுண்டு. விருப்பத்தை நோயும் பேயும் வரும் அதே வாய்பாட்டில் வைத்துத் தமிழ் பேசுகிறது. விரும்புதல் என்பது மனிதர் செய்யும் செயலாக அன்றி, அவருக்கு நேரும் நிகழ்வாகவே இத்தொடரில் அமைகிறது.

விருப்பப் பொருளில் இவ்வினை எப்போதும் ஒன்றன்பால் ஈற்றையே பெறுகிறது. ‘எனக்கு அவர்களைப் பிடிக்கும்’ என்னும் தொடரில் வினை ‘எனக்கு’ என்பதோடும் இயையவில்லை, ‘அவர்களை’ என்பதோடும் இயையவில்லை. விரும்புபவர் நான்காம் வேற்றுமையிலும் விரும்பப்படுபவர் இரண்டாம் வேற்றுமையிலும் நிற்க, எழுவாய் இடம் வெற்றாக உள்ளது. ‘அவன் மாடு பிடிப்பான்’, ‘அவனுக்கு மாடு பிடிக்கும்’ என்னும் இரு தொடர்களையும் அருகருகே வைத்துக் காண்க. முன்னதில் அவன் செய்பவன். பின்னதில் விருப்பம் வந்து தங்கும் இடம் மட்டுமே அவன். பெயரெச்சத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘அவன் பிடித்த மாடு’ களத்தைச் சார்ந்தது. ‘அவனுக்குப் பிடித்த மாடு’ தொழுவத்தைச் சார்ந்தது.

ஸ்பானிய ஒப்புமை: கொஹேர், குஸ்தார்

காளையோடு மனிதர் மோதும் களத்தை நெடுங்காலமாகப் பேணிவரும் பண்பாடுகளுள் ஸ்பானியப் பண்பாடும் ஒன்றாதலால், அம்மொழியின் வினைகள் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. தமிழில் ‘பிடி’ ஏற்கும் பணியை அங்கு இரு வினைகள் பகிர்ந்துகொள்கின்றன.

முதலாவது ‘கொஹேர்’. திரட்டுதல், சேர்த்தல் என்னும் பொருளுடைய ‘கொல்லிகெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இது, ஸ்பெயினில் அன்றாடம் புழங்குவது. பொருளை எடுத்தல், பூக்கொய்தல், பேருந்தைப் பிடித்தல், சளி பிடித்தல் எனப் பல இடங்களில் தமிழின் ‘பிடி’யோடு இணைந்து செல்கிறது. எனினும் சளியைக் குறிக்கும் ஸ்பானியத் தொடரில் மனிதரே எழுவாய், சளி செயப்படுபொருள். மெக்சிகோ, அர்ஜென்டினா உள்ளிட்ட நாடுகளில் இவ்வினை பாலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிட்டதால் அங்குப் பொதுப்பேச்சில் தவிர்க்கப்படுகிறது.

காளைப்போர்க் களத்தில் ‘கொஹேர்’ வினையின் எழுவாய் காளை என்பது கருதத்தக்கது. காளை மனிதனைக் கொம்பால் குத்துவதை ‘காளை அவனைப் பிடித்தது’ என்னும் வாய்பாட்டிலேயே ஸ்பானியம் சொல்கிறது. இவ்வினையிலிருந்து பிறந்த ‘கொஹிதா’ என்னும் பெயர்ச்சொல் கொம்புக்குத்தைக் குறிக்கும். இக்னாசியோ சான்செஸ் மெஹியாஸ் என்னும் காளைப்போர் வீரர் 1934 ஆகஸ்ட் 11 அன்று மன்சனாரெஸ் களத்தில் குத்துண்டு, ஆகஸ்ட் 13 அன்று மத்ரித் நகரில் உயிரிழந்தார். அவருக்காக ஃபெதெரிகோ கார்சியா லோர்கா எழுதி 1935இல் வெளியான கையறுநிலைக் கவிதையின் முதற்பகுதி ‘கொஹிதா’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டது. அதனை நேர்பொருளில் ‘பிடி’ எனத் தமிழாக்கினால் பொருள் முற்றிலும் தலைகீழாகும். தமிழ்க் களத்தில் காளை முட்டும், குத்தும், தூக்கும், பாயும், பிடிக்காது. பிடித்தல் மனிதருக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது ‘குஸ்தார்’. சுவைத்தல் என்னும் இலத்தீன் பொருளிலிருந்து விருப்பத்தைக் குறிக்க வந்தது. தமிழைப் போலவே இங்கும் விரும்புபவர் நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவில் நிற்கிறார். ஆனால் விரும்பப்படுவது எழுவாயாகிறது. ‘எனக்குக் காளைகள் பிடிக்கும்’ என்பதற்கு நிகரான ‘மே குஸ்தான் லோஸ் தோரோஸ்’ என்னும் தொடரில் வினை காளைகளுக்கு இயைந்து பன்மை ஈறு பெறுகிறது.

ஆக, ஸ்பானியத்தில் குத்துவதற்கும் விரும்பப்படுவதற்கும் காளையே எழுவாய்; வினைகள் மட்டும் வேறு. தமிழில் வினை ஒன்று. எழுவாய்தான் மாறுகிறது, சிலவிடத்து மறைகிறது. பற்றுதலும் பற்றும், அதாவது கையின் செயலும் மனத்தின் சார்பும், ஒரே சொல்லில் தங்கியுள்ள மொழியில் மாடுபிடித்தலைப் பற்றி எழுதுபவருக்கு இது ஒரு வாய்ப்பு. அக்கதையைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்பவருக்கு இதுவே தடை. என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. எத்துணைத் திறமிக்க மொழிபெயர்ப்பாளராயினும் பற்றுதலையும் விரும்புதலையும் ஆங்கிலத்தில் ஒரே வினையால் தர இயலாது. இது மொழிபெயர்ப்பின் குறையன்று, மொழிகளின் வேறுபாடு.

களத்தின் வினைகள்: தழுவு, கொள், அணை, விரட்டு, விடு

மாட்டுக்களம் தமிழில் பல வினைகளால் பெயர் பெற்றுள்ளது. கலித்தொகையின் முல்லைக்கலி ‘தழுவுதல்’ என்னும் வினையை முதன்மைப்படுத்துகிறது. முல்லைத் திணையின் பறை ‘ஏறுகோட்பறை’ எனப்படுவதால் ‘கொள்’ என்னும் வினையும் பழமையானதே. மதுரை வட்டாரத்தில் ‘மாடு அணைதல்’ என்னும் வழக்கு உண்டு. அணைதல் என்பது நெருங்குதலையும் தழுவுதலையும் ஒருங்கே குறிக்கும். சிவகங்கைப் பகுதியில் ‘மஞ்சுவிரட்டு’, வேலூர், திருப்பத்தூர்ப் பகுதிகளில் ‘எருதுவிடும் விழா’ என வழங்குகின்றன. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் ஜல்லிக்கட்டை வரையறுக்கும்போது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றையும் உள்ளடக்கியது. விரட்டுவது, கட்டிப்போடுவது, விடுவது என வெவ்வேறு செயல்கள் ஒரு பெயரின் கீழ் வந்தன.

இவற்றுள் ‘தழுவு’ என்னும் வினை அண்மைக்காலத்தில் பெரும் சுமையை ஏற்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்கும் 2017 சனவரி எழுச்சிக்கும் பின்னர், ‘எங்கள் மரபு அடக்குவதன்று, தழுவுவது’ என்னும் வாதம் பொதுவெளியில் வலுப்பெற்றது. திருத்தச் சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் நன்மை தீமை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஒரு வினைச்சொல்லின் மென்மையை ஒரு செயலின் மென்மைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வுநெறி ஆகாது. முல்லைக்கலியிலேயே தழுவச் சென்றவர்கள் குடல் சரியக் குத்துண்டு கிடக்கின்றனர். சொல் தழுவலாக இருப்பினும் களம் குருதிக்களமே. ‘வாடிவாசல்’ இவ்விவாதங்களுக்கு நெடுங்காலம் முற்பட்டது. அதனை மரபுக்கான வாக்குமூலமாகவோ மரபின் மீதான குற்றப்பத்திரிகையாகவோ சுருக்கும் வாசிப்புகள் அதன் வினைகளைக் கவனிக்கத் தவறுகின்றன.

களத்தின் அமைப்பைத் தாங்குபவை இரு வினைகள்: ‘விடு’, ‘பிடி’. மாட்டை விடுபவர் உரிமையாளர். பிடிப்பவர் களத்தில் நிற்பவர். விடுபவருக்கு உடலால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, பெயரால் இழப்பதற்கு உண்டு. பிடிப்பவருக்கு இழப்பது உடல். இன்றும் களத்தில் ஒலிபெருக்கி ‘பிடிமாடு’ என அறிவிக்கும்போது பிடித்தவருக்குப் பரிசும் விட்டவருக்கு இழுக்கும் ஒரே சொல்லில் அமைகின்றன. ‘பிடிமாடு’ வினைத்தொகை. அத்தொகையில் காலமும் மறைந்துள்ளது, பிடித்தவர் பெயரும் மறைந்துள்ளது. எஞ்சி நிற்பது மாடும் அதற்கு நேர்ந்ததும் மட்டுமே.

‘வாடிவாசல்’: யார் பிடிப்பவர்?

குறுநாவலின் கதை ஒரே நாளின் ஒரு பொழுதில் அடங்குவது. மாடுபிடித்தலில் பெயர்பெற்ற அம்புலி, ஜமீன்தாரின் காரிக் காளையால் குத்துண்டு இறந்தவன். அவன் மகன் பிச்சி, துணைக்கு மருதனுடன் களத்துக்கு வருகிறான். பாட்டையா என அழைக்கப்படும் முதியவர் களத்தின் நுட்பங்களையும் பழைய நினைவுகளையும் அறிந்தவராக அவர்களுக்கு அருகில் நிற்கிறார். பிச்சி காரியைப் பிடிக்கிறான், காயமுறுகிறான். களத்தைவிட்டு ஓடிய காரி ஆற்றுப்பக்கம் வெறிகொண்டு திரிகிறது. ஜமீன்தார் அதனைச் சுட்டுக் கொல்கிறார்.

மேலோட்டமான வாசிப்பில் இது ‘பிடி’யின் முதலாம் தொடரமைப்பு மட்டுமே. பிச்சி எழுவாய்; காரி செயப்படுபொருள். தந்தையை வீழ்த்திய காளையை மகன் வீழ்த்துகிறான். ஆனால் பனுவலின் பெரும்பகுதி பிடித்தலுக்குச் செலவிடப்படவில்லை, காத்திருத்தலுக்கே செலவிடப்படுகிறது. காரி வெளிவருவதற்கு முன்னரே அதைப் பற்றிய பேச்சும் அச்சமும் எதிர்பார்ப்பும் களத்தை நிறைத்துவிடுகின்றன. பிச்சி வந்திருப்பது எல்லா மாடுகளுக்காகவும் அன்று, ஒரு மாட்டுக்காக. இறந்த தந்தையின் தோல்வி அவனை அங்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இலக்கண நோக்கில் கூறின், பிச்சி காரியைப் பிடிப்பதற்கு முன்பே காரி என்னும் நினைவு பிச்சியைப் பிடித்திருக்கிறது. முதலாம் தொடரமைப்பில் அவன் நிகழ்த்தும் செயலுக்குப் பின்னால், அவனையே செயப்படுபொருளாக்கிய இரண்டாம் தொடரமைப்பு ஒன்று உண்டு. அவனது வீரத்தைத் தனிமனிதத் தேர்வாக மட்டும் வாசிப்பது இதனால் போதாததாகிறது.

பாட்டையாவின் இடம் மூன்றாம் தொடரமைப்பைச் சார்ந்தது. பிடிக்கும் வயதைக் கடந்த அவருக்கு எஞ்சியிருப்பது பிடித்தமே. கையை விட்டுப் போன செயல் அவரிடம் மனச்சார்பாகத் தங்கியுள்ளது. மாட்டின் ஒவ்வோர் அசைவையும் அவர் அறிந்துரைப்பது வெறும் தகவலுக்காக அன்று. ‘அவன் மாடு பிடிப்பான்’ என்னும் தொடர் காலப்போக்கில் ‘அவனுக்கு மாடு பிடிக்கும்’ என்றாகிவிட்ட ஒருவரின் நிலை அது. முதலாம் அமைப்பிலிருந்து மூன்றாம் அமைப்புக்கு நகரும் ஒரு வாழ்க்கையை ஒரே களத்தில், பிச்சியின் அருகிலேயே, செல்லப்பா நிறுத்தியிருக்கிறார்.

ஜமீன்தாருக்கு இம்மூன்று அமைப்புகளும் பொருந்தவில்லை. அவர் எதையும் பிடிப்பதில்லை. அவர் விடுபவர். காரியின் பிடிபடாமை அவரது பெருமையின் அளவுகோல். அது பிடிபட்டதும் பெருமை சரிகிறது. பிடித்தவனை அவர் தண்டிக்கவில்லை, பிடிபட்டதைத் தண்டிக்கிறார். ஸ்பானியக் களத்தில் காளை பெரும்பாலும் களத்துக்குள்ளேயே, போராடும் வீரரின் வாளால் சாகிறது. ‘வாடிவாசல்’ காட்டும் மரணமோ களத்துக்கு வெளியே, மோதாதவரின் கையால் நேர்கிறது. பிடித்தல் கொலையில் முடியவில்லை. விட்டவரின் உரிமைதான் கொலையில் முடிகிறது. இவ்விடத்தில் ‘விடு’ தமிழில் துணைவினையாகவும் வருவது எண்ணத்தக்கது. ‘கொன்றுவிட்டார்’ என்னும் தொடரில் செயலின் மீளாமையைக் காட்டும் உறுப்பு, மாட்டை அவிழ்த்து அனுப்பும் அதே வினை.

குறுநாவலின் தலைப்பும் இவ்வாசிப்புக்கு இடந்தருகிறது. வாடிவாசல் மாடு பிடிபடும் இடமன்று, விடப்படும் இடம். பிடிப்பவனின் கதைக்கு விடப்படும் வாயிலின் பெயரைச் சூட்டியதன் வழியே, பிடித்தல் என்பது விடுபவர் வகுத்த எல்லைக்குள்தான் நிகழ்கிறது என்பதைப் பனுவல் தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாசிப்புக்கு ஒரு மறுப்பு எழலாம். ‘பிடி’யின் பல்பொருள் தமிழ்மொழியின் பொதுச்சொத்து, அதனை ஓர் ஆசிரியரின் திறனாகவோ ஒரு பனுவலின் உட்பொருளாகவோ காட்டுவது எங்ஙனம் பொருந்தும்? மீன்பிடித்தலைப் பற்றிய எக்கதைக்கும் இதே விளக்கத்தைக் கூறலாமே.

மறுப்பில் உண்மையுண்டு. செல்லப்பா இம்மூன்று தொடரமைப்புகளையும் எண்ணிக் கதையமைத்தார் என இக்கட்டுரை கூறவில்லை. அதற்குச் சான்று தேடுவதும் இதன் நோக்கமன்று. இங்குக் கூறப்படுவது வேறு. ‘வாடிவாசல்’ வட்டாரப் பேச்சால் நிறைந்த பனுவல். அப்பேச்சில் மாடு வாங்குதல், பற்றுதல், மனத்துக்கு உவத்தல், ஆட்கொள்ளப்படுதல் ஆகிய நான்கும் ஒரே வினையில் வழங்குகின்றன. மீன்பிடிக் கதையில் வலைக்குள் வரும் மீனுக்குப் பெயரில்லை. மீனவனின் தந்தையோடு அதற்குக் கணக்குமில்லை. இங்கோ மாட்டுக்குப் பெயருண்டு, வரலாறுண்டு, உரியவருண்டு. ஆகவே வினையின் பொதுப்பொருள்கள் ஒவ்வொன்றும் கதையில் ஒரு மனிதரைத் தேடி அடைகின்றன. மொழியின் பொதுமையைப் பனுவலின் தனித்தன்மையாக்குவது இந்தப் பகிர்வே.

முடிவுரை

‘பிடி’ என்னும் வினை தமிழில் செயலையும் விருப்பத்தையும் ஆட்படுதலையும் ஒருங்கே தாங்குகிறது. வேற்றுமை உருபே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஸ்பானியத்தின் ‘கொஹேர்’, ‘குஸ்தார்’ ஆகியவற்றோடு ஒப்பிடுகையில், களத்தில் பிடித்தலை மனிதருக்கே உரியதாக்குவதும், விருப்பத் தொடரில் எழுவாயை அறவே நீக்குவதும் தமிழின் தனிப்போக்குகள் எனத் தெரிகிறது. இப்போக்குகளைக் கொண்டு நோக்கின், பிச்சி பிடிப்பவனாகவும் பிடிபட்டவனாகவும், பாட்டையா பிடித்தத்தில் வாழ்பவராகவும், ஜமீன்தார் விடுபவராக மட்டும் நிற்பவராகவும் புலப்படுகின்றனர்.

காரிக்கு இவ்வினைகளுள் ஒன்றிலும் எழுவாய் இடம் இல்லை. விடப்படுகிறது, பிடிக்கப்படுகிறது, சுடப்படுகிறது. அதன் பாய்ச்சலும் குத்தும் மட்டுமே அதற்குரிய வினைகள். வீரம் பற்றியும் மரபு பற்றியும் ‘வாடிவாசல்’ வழியே பேசுவோர், காரி பெறாத அந்த எழுவாய் இடத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். வினைகளைச் சார்ந்த இத்தகைய வாசிப்பை மாட்டுக்களம் பற்றிய பிற புனைகதைகளுக்கும், களத்தில் இன்று வழங்கும் அறிவிப்பு மொழிக்கும் விரித்தல் மேலாய்வுக்கு உரியது.